பனி கரையும் ஏரியில் டிரவுட்

மீன்பிடி பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “அண்ணே, டிரவுட் டிரவுட் என்கிறார்களே, அதை நம் ஊர் ஏரிகளில் விட்டு வளர்த்தால் என்ன?”

வளராது. காரணம் தண்ணீரின் சூடு. டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். 10 முதல் 18 டிகிரி வரை இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். 20ஐத் தாண்டினால் சோர்ந்துபோகும், 25ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைந்துகொண்டே போகும். 10 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 28 டிகிரி நீரில் 8 மில்லிகிராம்கூடத் தேறாது. நம் தோமான் வாயை மேலே நீட்டிக் காற்றையே குடித்துச் சமாளித்துவிடும். டிரவுட்டுக்கு அந்த வித்தை தெரியாது.

ஆகவே டிரவுட் வேண்டுமென்றால் குளிரைத் தேடிப் போகவேண்டும். எனக்கு அதற்கு ஒரு வசதி இருக்கிறது. தங்கை குடும்பம் கான்பெர்ராவில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே கூமா வழியாக இரண்டரை மணி நேரம் காரில் போனால் ஜிண்டபைன் ஏரி. ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த சிகரமான கொஸியஸ்கோ இருக்கும் பனிமலைத் தொடரின் அடிவாரம் அது. ஏரியே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் சிட்னி, கான்பெர்ரா பக்கம் போகிறவர்கள் இரண்டு நாள் ஒதுக்கினால் போதும்.

அக்டோபரில் ஏன்?

பூமத்திய ரேகைக்குத் தெற்கே பருவங்கள் தலைகீழ். செப்டம்பர் முதல் நவம்பர் வரை அங்கே வசந்தம். மலை உச்சியில் இன்னும் வெள்ளை தெரியும். அடிவாரத்தில் புல் பச்சைபிடிக்கத் தொடங்கியிருக்கும். விடியற்காலையில் குளிர் சில நாள் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும். நம் ஊர்க் குளிர்சாதன அறைக்குப் போட்டுக்கொள்ளும் மெல்லிய சட்டையெல்லாம் அங்கே பேச்சுக்கே இடமில்லை.

டிரவுட் பிடிப்பவர்களுக்கு இந்த மாதத்தில் மூன்று காரியங்கள் ஒன்றாகக் கூடி வருகின்றன. முதலாவது, குளிர்காலத்தில் மந்தமாக இருந்த ஏரி மெல்லச் சூடேறி, மீனுக்குப் பசி எடுக்கும் அளவுக்கு வருகிறது. இரண்டாவது, பனி உருகி ஏரிக்குள் வரும்போது நீர்மட்டம் உயர்ந்து கரையோரப் புல்வெளியை மூடுகிறது. புல்லுக்குள் இருந்த மண்புழுவும் வண்டும் மிதந்து வெளியே வரும். அவற்றைத் தின்ன பழுப்பு டிரவுட் முழங்கால் ஆழத்துக்கும் குறைவான நீருக்கே வந்துவிடும். மூன்றாவது, வானவில் டிரவுட் குளிர்காலக் கடைசியில் முட்டையிட ஆறுகளுக்குள் ஏறிப் போயிருக்கும். முட்டையிட்டு முடித்து, மெலிந்து, பெரும் பசியோடு ஏரிக்குத் திரும்புவது இந்த நேரத்தில்தான்.

கோடையில் மேல் நீர் சூடாகிவிடுவதால் மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும். படகும் ஆழத்தில் இழுக்கும் கருவிகளும் இல்லாமல் அதைத் தொட முடியாது. வசந்தத்தில் கரையில் நிற்கும் ஏழைக்கும் பங்கு உண்டு. படகு வாடகைக்குப் பணம் கட்ட மனமில்லாத எனக்கு இதுதான் பருவம்.

கரையில் நின்று

நேரம்தான் முதல் பாடம். சூரியன் எழுவதற்கு முன் ஒரு மணி நேரமும் எழுந்த பின் ஒரு மணி நேரமும், மாலையில் வெளிச்சம் மங்கும்போதும்தான் வேட்டை. நடுப்பகலில் பிள்ளைகளோடு ஐஸ்கிரீம் சாப்பிடப் போகலாம், குற்றமில்லை.

இரண்டாவது பாடம், காற்று. வசதியாக முதுகுக்குப் பின்னால் காற்று வீசும் கரையைத்தான் புதியவர்கள் தேடுவார்கள். காற்று முகத்தில் அடிக்கும் கரைதான் நல்லது. அலை அங்கே மண்ணைக் கலக்கும், பூச்சிகளைக் கொண்டுவந்து ஒதுக்கும், மீனும் அங்கே வரும். வீசுவது சிரமம், கை விறைக்கும். ஆனால் மீன் அங்கேதான்.

இரைக்குப் பெரிய மண்புழு போதும். ஓடும் ஈயக்குண்டு போட்டு, அதற்குக் கீழே ஒரு முழம் நரம்பு விட்டு, தூண்டில் முள்ளைக் கட்டவேண்டும். மீன் புழுவைக் கவ்வும்போது ஈயத்தின் கனம் அதற்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் துப்பிவிடும். ரீலின் வாயைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருங்கள். நரம்பு தானாக ஓடத் தொடங்கும் அந்த நொடிக்காகத்தான் இவ்வளவு குளிரும். ஒரே இடத்தில் உட்காரப் பொறுமை இல்லாத இளைஞர்கள் சிறிய ஸ்பூன் இரைகளை எறிந்து மெதுவாகச் சுற்றி இழுத்தபடி கரையோரம் நடக்கலாம். அந்த ஊர்க்காரர்கள் டாஸ்ஸி டெவில் என்ற சிறகு வடிவ இரையை விரும்புகிறார்கள். செபாராவ் பிடித்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதே வேகத்தில் சுற்றாதீர்கள். குளிர் நீரில் மீனும் நிதானம், நீங்களும் நிதானமாக இருக்கவேண்டும்.

பக்கத்து நீர்கள்

ஜிண்டபைனுக்கு நீர் கொண்டுவரும் ஆறுகளில் முக்கியமானது தெரட்போ. உருண்டைக் கற்களுக்கு மேல் கண்ணாடி போல ஓடும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஏரிகளில் ஆண்டு முழுவதும் டிரவுட் பிடிக்கலாம். ஆறுகளிலும் ஓடைகளிலும் அப்படியில்லை. ஜூன் மாத நீண்ட வார இறுதியோடு மூடி, அக்டோபர் மாத நீண்ட வார இறுதியில் திறக்கிறார்கள். மீன் தொந்தரவில்லாமல் முட்டையிடத்தான் இந்த ஏற்பாடு. தெரட்போவில் புழு போடக் கூடாது. பூச்சி போலக் கட்டிய செயற்கை ஈ அல்லது செயற்கை இரை மட்டும்தான். ஆற்றங்கரையிலேயே கேடன் என்ற அரசாங்க மீன்குஞ்சுப் பண்ணை இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போக ஏற்ற இடம்.

வடக்கே யூகம்பீன் ஏரி. சிட்னித் துறைமுகத்தைப் போல ஒன்பது மடங்கு நீர் கொள்ளும் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதன் அருகே அடாமினபி என்ற சின்ன ஊரில் 10 மீட்டர் உயரத்தில் ஒரு டிரவுட் சிலை வாலில் நிற்கிறது. 1973இல் கட்டியது. அதன் முன் படம் எடுக்காமல் எந்தக் குடும்பமும் ஊரைக் கடந்ததாகத் தெரியவில்லை. நாங்களும் எடுத்தோம். அன்று நாங்கள் பார்த்த ஒரே டிரவுட் அதுதான்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டவரும் மீன்பிடிக் கட்டணம் செலுத்தவேண்டும். மூன்று நாள், ஒரு மாதம், ஓராண்டு, மூன்றாண்டு என்று கிடைக்கும், இணையத்திலேயே வாங்கிவிடலாம். 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. எத்தனை மீன், எந்த நீளம் என்பது நீருக்கு நீர் மாறும், ஆகவே போகும் முன் அந்த ஆண்டின் விதியைப் பாருங்கள். நம் ஊரில் பயன்படுத்திய தூண்டில், காலணி, வலை எதுவானாலும் சேறு போகக் கழுவி, நன்கு காயவைத்து, விமான நிலையத்தில் மறைக்காமல் அறிவித்துவிடுங்கள். ஒரு நாட்டு நீரிலிருந்து இன்னொரு நாட்டு நீருக்கு நோய் போய்விடக் கூடாது என்பதில் அவர்கள் கண்டிப்பானவர்கள். அந்தக் கண்டிப்புக்கான காரணம் கீழே புரியும்.

ஏரிக்கு அடியில்

சென்ற அக்டோபரில் என்னோடு வந்தவன் தங்கை மகன். பதினொரு வயது. அவனுக்குத் தமிழ் புரியும், பதில் பாதி ஆங்கிலத்தில் வரும். நாங்கள் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு முதியவர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தொட்டிருப்பார். பையனின் கையைப் பார்த்துவிட்டு முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்தார். பேச்சுவாக்கில் தண்ணீரைக் காட்டி, தான் படித்த பள்ளிக்கூடம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்றார்.

அக்கரையைச் சொல்கிறார் என்று நினைத்தான் பையன். அவர் சொன்னது அடியை.

1967இல் ஜிண்டபைன் அணை கட்டி முடிக்கப்பட்டு நீர் நிறைந்தபோது பழைய ஜிண்டபைன் ஊர் மூழ்கியது. மக்கள் மேட்டில் கட்டிய புதிய ஊருக்கு மாறினார்கள். யூகம்பீனிலும் இதே கதை. பழைய அடாமினபியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களை 1950களில் பெயர்த்து வண்டியில் ஏற்றி இன்றைய இடத்துக்குக் கொண்டுபோனார்கள். 2007இல் கடும் வறட்சியில் நீர் வடிந்தபோது பழைய ஊரின் எச்சங்கள் வெளியே தெரிந்தன.

பையன் கேட்டது ஒரே கேள்வி. “அந்த ஸ்கூலுக்குள்ள மீன் போகுமா மாமா?” நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். கட்டடம் முன்பே போய்விட்டது, படிக்கட்டு மட்டும் மிஞ்சியிருக்கலாம், அங்கே ஒரு நல்ல பழுப்பு டிரவுட் குடியிருக்கும் என்று தான் நம்புவதாகச் சொன்னார் முதியவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் இன்று நெடுஞ்சாலையையும் அடுக்குமாடிகளையும் பார்க்கிற எனக்கு அந்தச் சிரிப்பு புதிதல்ல. என் அப்பாவும் அப்படித்தான் சிரிப்பார்.

இந்த இரண்டு ஏரிகளும் பனிமலை நீர்மின் திட்டத்தின் பகுதிகள். 1949இல் தொடங்கி 1974இல் முடிந்த திட்டம். 16 பெரிய அணைகள், மலையைக் குடைந்து 145 கிலோமீட்டர் சுரங்கம். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் உழைத்தார்கள். உயிரிழந்தவர்கள் 121 பேர். கிழக்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பனி நீரை மேற்கே திருப்பி, மின்சாரம் எடுத்து, பிறகு வறண்ட சமவெளியின் வயல்களுக்குக் கொடுப்பதுதான் நோக்கம். அது நிறைவேறியது.

விலை கொடுத்தது ஆறு. ஜிண்டபைன் அணைக்குக் கீழே ஸ்னோயி ஆற்றுக்கு அதன் இயற்கை நீரில் நூற்றுக்கு ஒரு பங்குதான் மிஞ்சியது. பனி உருகும் காலத்தில் பாறைகளைப் புரட்டிக்கொண்டு ஓடிய ஆறு மணல் மேடிட்டு, புதர் மண்டி, வாய்க்காலாக ஒடுங்கியது. கரையோர மக்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு 2002இல்தான் ஆற்றுக்காக மீண்டும் நீர் திறக்கத் தொடங்கினார்கள். பழைய ஓட்டத்தில் 21 விழுக்காட்டையாவது திருப்பித் தருவது என்பது இலக்கு. வசந்தத்தில், பழைய பனி வெள்ளத்தை நினைவூட்டும் வகையில், கூடுதலாகத் திறந்துவிடுவதும் உண்டு.

நாம் தூண்டில் போடும் அழகான ஏரி, ஓர் ஊரும் ஓர் ஆறும் கொடுத்தது என்பது இதன் பொருள்.

கப்பலில் வந்த மீன்

மீனும் அந்த மண்ணுக்குரியது அல்ல. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவுக்குரியது. இங்கிலாந்திலிருந்து முட்டைகளைப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, நார்ஃபோக் என்ற கப்பலில் 1864இல் டாஸ்மேனியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவை பொரித்துப் பெருகி மற்ற இடங்களுக்கும் போயின. வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்தது. வெள்ளைக்காரர்கள் எங்கெல்லாம் குளிர்ந்த மலையைக் கண்டார்களோ அங்கெல்லாம் டிரவுட்டைக் கொண்டுபோய் விட்டார்கள். நீலகிரியிலும் விட்டார்கள். ஊட்டிக்கு அருகே அவலாஞ்சியில் 1907லேயே டிரவுட் குஞ்சுப் பண்ணை வந்துவிட்டது. பின்னாளில் குந்தா நீர்மின் திட்டம் அந்த மலையிலும் ஏரிகளை உண்டாக்கியது.

ஆஸ்திரேலியாவில் டிரவுட்டை வந்தேறி மீன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குச் சுருக்கென்று இருக்கும். நம் பாட்டன்மாரும் கப்பலில் வந்தவர்கள்தானே. ஆனால் மனிதருக்குரிய நியாயத்தை அப்படியே மீனுக்குப் பொருத்த முடியாது என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த மலை ஓடைகளில் காலாக்ஸியாஸ் என்ற சின்ன மீன்கள் உண்டு. செதில் இல்லாத, விரல் நீள மீன்கள். டிரவுட் போன்ற வேட்டை மீனைப் பார்த்துப் பழகாதவை. டிரவுட் நுழைந்த ஓடைகளில் பலவற்றிலிருந்து அவை காணாமல் போய்விட்டன. அவற்றில் ஒரு வகையை அறிவியலாளர்கள் தனி இனம் என்று 2014இல்தான் பெயரிட்டார்கள். அது எஞ்சியிருந்தது, யூகம்பீனுக்கு வடக்கே டான்டங்காரா ஓடையின் தலைப்பகுதியில், சில கிலோமீட்டர் தூரத்துக்குள் மட்டும். ஏன் அங்கே மட்டும்? அதற்குக் கீழே ஓர் அருவி இருக்கிறது. டிரவுட்டால் அந்த அருவியை ஏற முடியவில்லை. ஓர் இனம் முழுவதும் ஓர் அருவியின் தயவில் பிழைத்திருக்கிறது.

உரிமக் கட்டணம், மூடும் காலம், விமான நிலையக் கெடுபிடி எல்லாவற்றையும் சலித்துக்கொள்கிறவர்கள் இந்த அருவியை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கவேண்டும். ஒரு வாளியில் உயிருள்ள டிரவுட்டைத் தூக்கிக்கொண்டு ஒருவர் மேலே ஏறி விட்டால் போதும், கதை முடிந்தது.

பிடித்ததை என்ன செய்வது?

இந்தக் காலத்து இளைஞர்கள் பலர் பிடித்த மீனைப் படம் எடுத்துவிட்டு நீரிலேயே விட்டுவிடுகிறார்கள். கெனிர் ஏரியின் கெலா மீனுக்கு அது சரியான மரியாதை. தன் ஆற்றில், தன் மண்ணில், மெதுவாக வளரும் மீன் அது. குறைந்துபோனால் மீட்பது கடினம். அதை விடத்தான் வேண்டும்.

ஜிண்டபைன் டிரவுட்டுக்கு அதே விதியைக் கண்மூடிப் போடத் தேவையில்லை என்பது என் கருத்து. பண்ணையில் பொரித்து, ஏரியில் விட்டு, சட்டமே இத்தனை எடுத்துக்கொள் என்று அளவு சொல்லும் மீன் அது. குடும்பத்துக்குத் தேவையானதை, அளவுக்குள், எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எடுப்பதென்றால் தலையில் ஒரே அடியில் முடித்து, உடனே குடல் நீக்கி, பனிக்கட்டியில் வையுங்கள். துள்ளத் துடிக்கப் பையில் போட்டு வைப்பது பாவம். விடுவதென்றால் கையை முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை அதன் மேல் இருக்கும் வழுவழுப்பை எடுத்துவிடும். பிறகு நோய் பிடிக்கும். நீருக்கு வெளியே சில விநாடிகளுக்கு மேல் வைக்காதீர்கள். படம் நன்றாக வரவில்லையென்றால் வராமலே போகட்டும்.

இரண்டாம் நாள் விடியலில் தங்கை மகனுக்கு ஒரு வானவில் டிரவுட் கிடைத்தது. 34 சென்டிமீட்டர். விடுவதா எடுப்பதா என்று அவனையே முடிவு செய்யச் சொன்னேன். நீண்ட நேரம் யோசித்தான். கடைசியில், “அம்மாவுக்கு” என்றான். முதியவர் தலையை ஆட்டினார்.

தங்கை அதைப் புளிக்குழம்பு வைக்கப் பார்த்தாள். நான்தான் தடுத்தேன். டிரவுட் சதை மென்மையானது, குழம்பில் கரைந்துவிடும். மஞ்சள், மிளகு, உப்பு, கொஞ்சம் எலுமிச்சை, தோசைக்கல்லில் தோல் பக்கம் கீழே வைத்து மொறுமொறுவென்று பொரித்தால் போதும். சதை இளஞ்சிவப்பாக இருந்தது. ஏரியில் உள்ள சிறு நண்டினங்களைத் தின்னும் மீனுக்கு அந்த நிறம் வரும். முள்ளை எடுத்துக் கொடுக்கும்போது பையன் தன் அம்மாவுக்கு அந்த முதியவரின் பள்ளிக்கூடத்தைப் பற்றித் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தான். முழுக் கதையும்.

நம் நாட்டிலும் தெமெங்கோர் ஏரி அணைக்குப் பிறந்த ஏரிதான். அதற்காக ஒராங் அஸ்லி மக்கள் தங்கள் ஆற்றங்கரைகளை விட்டுப் பெயர்ந்தார்கள். அடுத்த விடுமுறையில் படகுவீடு எடுத்து அங்கே போகும்போது, தோமான் கடிக்காத நேரம் நிறையக் கிடைக்கும். பிள்ளைகளின் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, இந்தத் தண்ணீருக்கு அடியில் எந்த ஆறு ஓடியது, யார் இருந்தார்கள் என்று படகோட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். படகோட்டி அந்தப் பக்கத்துக்காரராக இருந்தால் சொல்வதற்கு அவரிடம் நிறைய இருக்கும்.